தூக்கிய சின்ன வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர்: முதல்முறை எடுப்பவர்களுக்கு

வண்டிக்கு லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் செட்) போட்டாச்சு, அடுத்தது ஆல் டெரெய்ன், அதாவது தாரிலும் மண் பாதையிலும் ஓடுகிற டயர்தான் என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்ன வண்டி என்று நான் சொல்வது சுஸுகி ஜிம்னி மாதிரி, 1 டன்னைச் சற்றே தாண்டிய எடையும், அடியில் தனிச் சேஸிஸும் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் முழு ஆக்ஸிலும் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கும் அச்சு) உள்ள வண்டிகளை. கணக்கு போடுமிடத்தில் எல்லாம் இப்போதைய மூன்று கதவு ஜிம்னியின் அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

விரலுக்கேத்த வீக்கம் என்பார்கள். சின்ன வண்டியின் டயருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது டயரின் எடை, அப்புறம் பக்கச்சுவர் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது, அதற்கும் அப்புறம்தான் உயரம், பட்டன் (தரையில் படுகிற ரப்பர்க் கட்டைகள்), தோற்றம். என் முதல் செட்டை வாங்கியபோது இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தேன். 235 மிமீ அகலம், 10 பிளை (டயரின் வலுவைச் சொல்லும் எண்), பக்கச்சுவர் வரைக்கும் இறங்கிய பெரிய பெரிய பட்டன்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. ஓட்டினால், அதுவரை இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த மேடு முதல் கியர் கேட்டது, சின்னப் பள்ளத்துக்கே முதுகு அதிர்ந்தது, மணலில் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கியும் டயர் துளிகூடப் பிதுங்காமல் மரச்சக்கரம் மாதிரி நின்றது. 8 மாதத்தில் அதைக் கொடுத்துவிட்டு ஒரு அளவு கீழே இறங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வர வேண்டாம்.

முதல் வேலை: ஒரு மாதம் குறித்துவையுங்கள்

கடைக்குப் போகும் முன்பு ஒரு மாதம், வண்டி எங்கே எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதிவையுங்கள். தார் ரோடு, சல்லி, மண் பாதை, சேறு, மணல், பாறை, அவ்வளவு போதும். பெரும்பாலானவர்களுக்குப் பத்தில் எட்டு ஒன்பது பங்கு தாராகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, ஆல் டெரெய்ன் டயர் உருவானதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். பிஎஃப்குட்ரிச் 1976-ல் ஆல் டெரெய்ன் டி/ஏ என்ற பெயரில் ரேடியல் டயரைக் கொண்டுவந்ததும், வேலை நாளில் ரோட்டிலும் விடுமுறையில் காட்டுப் பாதையிலும் ஓடுகிற ஒரே செட் என்ற எண்ணத்தில்தான்.

உங்கள் கணக்கில் ஆழமான சேறு பாதிக்கு மேல் வந்தால் நீங்கள் தேட வேண்டியது மட் டெரெய்ன் டயர், இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாக உதவாது. மண் பாதை மாதத்துக்கு ஒரு முறைகூட வரவில்லை என்றால் இப்போதிருக்கும் டயரே தேயும் வரை ஓடட்டும். மழையில் நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது, நல்ல ரோடு டயரைவிடப் பெரும்பாலான ஆல் டெரெய்ன் டயர் கூடுதல் தூரம் எடுத்துக்கொண்டுதான் நிற்கும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், தரையில் படுகிற ரப்பர் குறைவு, பட்டன் உயரமாக இருப்பதால் அழுத்தும்போது நெளியவும் செய்யும். தேவையில்லாதவர்கள் இந்த விலையைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

லிஃப்ட் எதைத் தூக்கியது, எதைத் தூக்கவில்லை

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2 அங்குலம், அதாவது 50 மிமீ ஸ்பிரிங் லிஃப்ட் போட்டால் பாடியும் சேஸிஸும் உயரும். ஆக்ஸில் உயராது. ஆக்ஸில் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குகிறதே டிஃபரென்ஷியல், அது தரையிலிருந்து நேற்று எவ்வளவு உயரத்தில் இருந்ததோ இன்றும் அங்கேயேதான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு சுலபமான வழி கிடையாது, அதுவும் டயர் எவ்வளவு பெரிதாகிறதோ அதில் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் ஆக்ஸில் இருப்பது சக்கரத்தின் மையத்தில்.

அடுத்தது, லிஃப்ட் போட்டதால் எவ்வளவு பெரிய டயரும் உள்ளே போய்விடும் என்ற நம்பிக்கை. வண்டி சமதரையில் நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை முழுக்க நுழையும், பார்த்ததும் மனசு நிறையும். ஆனால் ஒரு சக்கரம் கல் மேல் ஏறி ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கே போய் நிற்கும் என்று தீர்மானிப்பது, ஆக்ஸில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர். அதை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தால், முழுசாக அமுங்கும்போது டயர் லிஃப்ட் போடாத வண்டியில் போகிற அதே இடத்துக்குத்தான் போகும். புது ஸ்பிரிங் கடினமாக இருப்பதால் அந்த நிலை அடிக்கடி வராது, அவ்வளவுதான் வித்தியாசம். லிஃப்ட் கிட்டில் பம்ப் ஸ்டாப்புக்கு நீட்டிப்பு இருந்ததா என்று போட்டவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டயரின் உள்பக்கம் போய் உரசுகிற ரேடியஸ் ஆர்ம், அதாவது ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் நீளமான கை. அந்த ஆர்மின் முன்முனை ஆக்ஸிலோடு கட்டப்பட்டது. டயர் ஏறினால் அதுவும் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த உரசலை எத்தனை அங்குலம் தூக்கினாலும் தீர்க்க முடியாது. ஒன்று டயர் ஒல்லியாக வேண்டும், அல்லது ரிம் கொஞ்சம் வெளியே தள்ளி உட்கார வேண்டும், அல்லது ஸ்டியரிங் திரும்பும் அளவைக் குறைக்க வேண்டும்.

தூக்கிய வண்டியில் பான்ஹார்டு ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) சாய்ந்துவிடுவதால் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். அதனால் இடது பக்கம் அளந்து பார்த்துவிட்டு வலது பக்கமும் அதேதான் என்று விட்டுவிடாதீர்கள். என் வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு விரல் தடிமன் வித்தியாசம் இருந்தது.

அளவைப் படித்துக் கணக்கு போடுங்கள்

டயரின் பக்கச்சுவரில் 195/80 ஆர்15 என்று எழுதியிருந்தால், அகலம் 195 மிமீ, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். மொத்த விட்டம் வேண்டுமா, 195-ஐ 0.80-ஆல் பெருக்கினால் 156, மேலும் கீழும் சேர்த்து 312, அதோடு ரிம்முக்கு 381. ஆக 693 மிமீ. இதுதான் ஜிம்னியோடு வரும் அளவு.

இதே கணக்கில் 215/75 ஆர்15 போட்டால் 703 மிமீ சொச்சம் வரும், டிஃபரென்ஷியல் உயர்வது வெறும் 5 மிமீ. 225/75 ஆர்15 என்றால் 718, உயர்வு 13 மிமீ அளவில். 235/75 ஆர்15 என்றால் 733, உயர்வு 20 மிமீ. இந்த 20 மிமீ கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும், ஆனால் நடுவில் புல் வளர்ந்து இரண்டு பக்கமும் சக்கரத்தடம் குழிந்த பாதையில், தட்டிக்கொண்டு போவதற்கும் தட்டாமல் போவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல நேரம் அவ்வளவுதான்.

அந்த 20 மிமீக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் பார்த்துவிடுங்கள். 693-லிருந்து 733 போவது ஏறக்குறைய 5.8 சதவீதம். எல்லா கியரும் அத்தனை சதவீதம் நீண்டுவிடும், அதாவது இழுவை குறையும். 1.5 லிட்டர் எஞ்சின், 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை; பெரிய வண்டியில் தெரியாத 5.8 இங்கே தெரியும். லோ கியரில் பாறை மேல் ஊர்ந்து போகும் வேகமும் கூடிவிடும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பு தளரும். ஸ்பீடோமீட்டர் இதுவரை சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொண்டால், முள் 100-ல் நிற்கும்போது வண்டி போய்க்கொண்டிருப்பது 105-க்கு மேல். ஓடோமீட்டரும் அதே போல் குறைத்துக் காட்டும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மைலேஜ் குறைவது நிஜம்தான், ஆனால் மீட்டர் காட்டுகிற அளவுக்குக் குறையாது.

எத்தனை சதவீதம் வரை டயர் அளவை மாற்றலாம், மட்கார்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டலாம், லிஃப்டைப் பதிவு செய்ய வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தையும் இன்ஷூரன்ஸ் தாளையும் பணம் கட்டுவதற்கு முன்பே படியுங்கள்.

முதல்முறை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது 215/75. உயரம் பெரிதாக ஏறவில்லையே என்று தோன்றும், ஆனால் பட்டனும் ரப்பரும் மாறியதுமே வண்டி வேறு வண்டி ஆகிவிடும், உரசல் தொல்லை பெரும்பாலும் இருக்காது, எஞ்சினும் திணறாது. ஓட்டிப் பழகி, எங்கே அடிவயிறு தட்டுகிறது என்று தெரிந்த பிறகு அடுத்த செட்டுக்கு 225 அல்லது 235 பற்றி யோசிக்கலாம்.

ரிம்மை மறந்துவிடாதீர்கள்

ஜிம்னியோடு வரும் ரிம்மின் அகலம் 5.5 அங்குலம். 215/75 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை சரி, ஆகவே பழைய ரிம்மிலேயே உட்காரும். 235/75 டயருக்குக் குறைந்தபட்சம் 6 அங்குலம் வேண்டும். 5.5-ல் ஏற்றி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, டயர் உட்காரத்தான் செய்யும். ஆனால் பக்கச்சுவர் உள்பக்கமாகக் கிள்ளப்பட்டு நடுப்பகுதி புடைத்து நிற்கும், நடுப்பட்டன் மட்டும் சீக்கிரம் தேயும், திருப்பத்தில் வண்டி ஆடும். 235 என்று முடிவு செய்தால் ரிம் செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்.

புது ரிம் எடுக்கும்போது ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு, எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ரிம் வெளியே தள்ள தள்ள ரேடியஸ் ஆர்ம் உரசல் போகும், பதிலுக்கு டயர் திரும்பும் வட்டம் பெரிதாகி பம்பரின் பின்மூலையிலும் மட்கார்டின் பின்பகுதியிலும் இடிக்க ஆரம்பிக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். ஒரு இடத்துத் தொல்லையை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கிற வேலைதான். 15 அங்குல ரிம்மை விட்டு 16, 17 என்று ஏறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பார்க்க எடுப்பாக இருந்தாலும். மொத்த விட்டம் அதேயாக இருக்க ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குட்டையாகும், காற்றை இறக்கும்போது வளைந்து கொடுக்க வேண்டியது அந்தச் சுவர்தான்.

எடை, பிளை, எல்டி

ஒரே பெயரில் வரும் டயர் அளவுக்கு அளவு வேறு கட்டுமானத்தில் இருக்கும். யோகோஹாமா ஜியோலாண்டர், ஃபால்கன் வைல்ட்பீக் போன்ற வரிசைகளில் சில அளவுகள் சாதாரணக் கார் கட்டுமானத்திலும், சில அளவுகள் எல்டி என்ற எழுத்துகளோடு லாரி வகைக் கட்டுமானத்திலும் வருகின்றன. ஒருவர் தன் 2.5 டன் பிக்கப்பில் எல்டி டயரைப் போட்டுவிட்டு அருமை என்று சொல்வதை நம்பி, நீங்கள் அதே பெயரை உங்கள் வண்டிக்கு வாங்கினால் கிடைக்கும் அனுபவம் வேறு. பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல் உங்கள் அளவில் அது எல்டியா, லோடு ரேஞ்ச் என்ன, ஒரு டயர் எத்தனை கிலோ என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். அதுவும் கிடைக்கவில்லையா, தராசில் வைத்துப் பாருங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

லோடு ரேஞ்ச் சி என்றால் 6 பிளைக்குச் சமமான வலு, டி என்றால் 8, இ என்றால் 10. இன்றைக்கு உள்ளே அத்தனை அடுக்கு உண்மையில் இருக்காது, வலுவைச் சொல்லும் பழைய அளவுகோல் அது. இ வகை டயர் ஒவ்வொன்றும் கம்பெனி டயரைவிட 4, 5 கிலோ சுலபமாகக் கூடும். அந்த எடை சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், ஸ்பிரிங்குக்குக் கீழேயும் இருக்கும். வேகம் எடுக்க, நிறுத்த, குழியில் இறங்கி ஏற எல்லாவற்றுக்கும் எஞ்சினும் பிரேக்கும் ஷாக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

சரி, வலு வேண்டாமா என்று கேட்பீர்கள். லோடு இண்டெக்ஸைப் பாருங்கள். 96 என்று எழுதியிருந்தால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், நான்குக்கு 2,840. ஜிம்னி ஆட்களும் சாமானும் நிறைந்து நிற்கும்போதே சுமார் 1,435 கிலோதான். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது, அது கட்டாயம். மேலே போவதால் சுமை விஷயத்தில் உங்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. கூர்மையான பாறையில் அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் பக்கச்சுவர் கிழியாமல் இருக்க சி வகை எல்டி நல்ல சமரசம். அதற்கு மேல் இந்த எடை வண்டிக்கு வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கு. கியூ என்றால் மணிக்கு 160 கிமீ, ஆர் 170, எஸ் 180. பல ஆல் டெரெய்ன் டயர்கள் இந்த மூன்றுக்குள்தான் வரும்.

பட்டனைப் படிக்கும் விதம்

டயரைக் கீழே சாய்த்துவைத்துப் பட்டன்களுக்கு நடுவே விரலை ஓட்டிப் பாருங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் சேற்றை உதறித் தள்ளும், ஆனால் ரோட்டில் இரையும். நெருக்கமாக இருந்தால் அமைதியாக ஓடும், சேற்றில் இரண்டே சுற்றில் மொழுமொழு என்று ஆகிவிடும். பட்டன் மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும், சைப் என்பார்கள். ஈரத் தாரிலும், ஈரப் பாறையிலும், பனியிலும் பிடிப்பைக் கொடுப்பது பெரும்பாலும் அவைதான். அந்த வெட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று கவனியுங்கள்; பாதி ஆழத்தோடு நின்றுவிட்டால் டயர் பாதி தேய்ந்ததும் மழைப் பிடிப்பும் போய்விடும். பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக இருந்தால் அவை கூழாங்கல் சிக்கிக்கொண்டு ரப்பரைத் துளைக்காமல் வெளியே தள்ள வைத்தவை. சல்லிப் பாதையில் அதிகம் ஓட்டுகிறவர்கள் இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

மணலுக்குப் பெரிய பட்டன் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மணலில் பெரிய பட்டன் மண்வெட்டி போலத் தோண்டிக்கொண்டு கீழே போகும். மணலில் மிதக்க வைப்பது காற்றைக் குறைத்த மென்மையான டயர்.

பனியில் ஓட்டுகிறவர்கள் எம்+எஸ் (சேறு, பனி என்பதன் சுருக்கம்) எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது தயாரிப்பாளர் தாமாகவே போட்டுக்கொள்வது. மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால், பனியில் பிடிப்பைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடையில் நிற்கும்போது

ஐந்து டயர் வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு விட்டத்தில் இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு நான்கு சக்கர ஓட்டத்தில் போகும்போது முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து, இரண்டையும் நடுவில் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கியர் பெட்டியை முறுக்கும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி பெரிதாகும்போது கீழே பம்பரில் இடிக்கிறதா, கதவின் கீல் எடையைத் தாங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கனமான டயரைத் தொங்கவிட்டு மோசமான பாதையில் ஓட்டினால் முதலில் கதவு கடகடக்கத் தொடங்கும்.

தயாரித்த தேதி பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்களாக இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். முழு எண்ணும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கம் தெரியாவிட்டால் டயரைத் திருப்பச் சொல்லுங்கள். ஐந்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள், நான்கு புதிதாக இருந்து ஐந்தாவது மட்டும் பழைய சரக்காக இருப்பது உண்டு. மாட்டிய பிறகு பேலன்ஸ் செய்யாமல் வெளியே வராதீர்கள். முழு ஆக்ஸில் வண்டிகளில், கனமான டயர் பேலன்ஸ் இல்லாமல் ஓடினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். கிங்பின் பேரிங் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் இடத்துப் பேரிங்) தேய்ந்த வண்டியாக இருந்தால் அந்த உதறல் கையையே ஆட்டிவிடும். லிஃப்ட் போட்டதில் காஸ்டர் கோணமும் (ஸ்டியரிங் தானாக நேராக வர உதவும் சாய்வு) குறைந்திருக்கும், வண்டி நேர் ரோட்டில் அலைகிறது என்றால் டயரைக் குறை சொல்வதற்கு முன்பு அலைன்மென்ட் தாளில் அந்த எண்ணைப் பாருங்கள்.

உரசல் சோதனை

இதை முதலில் ஒரே ஒரு டயரை மாட்டி முன் சக்கரத்தில் செய்ய முடிந்தால் மிக நல்லது, மற்ற நான்கையும் மாட்டாமல் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும். கடைக்காரரிடம் முன்பே பேசிவையுங்கள்.

சமதரையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பி, ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அப்புறம் அந்த முன் சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றுங்கள், எதிர்மூலையின் பின் சக்கரமும் இன்னொரு மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அப்போதுதான் ஸ்பிரிங் உண்மையில் அமுங்கும். மறுபடி இரு கோடிக்கும் திருப்புங்கள். ரிவர்ஸிலும் கொஞ்சம் நகர்த்துங்கள், முன்னே போகும்போது படாத டயர் பின்னே வரும்போது படலாம்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு நான் களிமண் வைப்பேன். புளியங்கொட்டை அளவுக்கு ஈரக் களிமண்ணை உருட்டி மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கிலும், பம்பரின் பின்மூலையிலும், ரேடியஸ் ஆர்மின் பக்கத்திலும் ஒட்டிவிட்டு மேலே சொன்னபடி திருப்புவேன். இறங்கிப் பார்த்தால் எது நசுங்கியிருக்கிறது, எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று கையிலேயே கிடைத்துவிடும். 235 டயரில் பம்பர் மூலையில் வைத்த உருண்டை காகிதம் போலத் தட்டையாகி, அதில் பட்டனின் விளிம்பு அச்சாகப் பதிந்திருந்தது. ஆள் இல்லாமல், சாமான் இல்லாமல், மெதுவாகத் திருப்பியே அப்படி. ஓட்டத்தில் அது என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. 215-ல் அதே இடத்து உருண்டை தொடப்படாமல் இருந்தது.

காற்று

டயர் தேர்வுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் காற்றுக்குக் கொடுத்தாலே வண்டி எங்கேயோ போய்விடும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கு அடிக்க வேண்டிய அளவு இல்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்து ஆரம்பியுங்கள். எல்டி டயர் போட்டிருந்தால் அதே சுமைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாக்பீஸ் சோதனை. பட்டன்களுக்குக் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை தடிமனாக ஒரு கோடு போட்டு, நேரான தாரில் 50 மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரம் மட்டும் அழிந்திருந்தால் குறைவு, முழுக்கச் சீராக அழிந்திருந்தால் சரி. 10 பிளை டயரில் நான் 22 வரை இறக்கியும் நடுப்பகுதிதான் அழிந்தது, ஓரத்தில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. அத்தனை பட்டனுக்குப் பணம் கொடுத்து அதில் பாதி தரையையே தொடவில்லை. வெயில், குளிர் மாறும்போது 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் ஏறி இறங்கும், ஆகவே எப்போதும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள், ஒரே கேஜில்.

மண் பாதையில் இறங்கியதும் காற்றைக் குறைத்தால் டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படுக்கும், டாங்கியின் பட்டை மாதிரி. பிடிப்பு கூடுவது அதனால்தான். 14, 15-க்குக் கீழே போகும்போது திருப்பத்தில் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடும் ஆபத்து ஆரம்பிக்கும், வேகத்தையும் சட்டென்று ஸ்டியரிங் ஒடிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். தாருக்குத் திரும்பும் முன்பு மறுபடி அடிக்க வேண்டும், குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடாகி உள்ளுக்குள் பிரிந்துவிடும். ஆகவே நல்ல கம்ப்ரஸர் ஒன்று வாங்குகிற வரை டயரை மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலும் தவறில்லை.

மாட்டிய பிறகு

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும், மழையில் கவனம். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்குங்கள். ஆல் டெரெய்ன் பட்டன் ஒருபக்கமாகத் தேய்ந்து ரம்பப்பல் போல ஆகும் குணம் உள்ளது, அப்படி ஆனால் இரைச்சலும் கூடும். 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றினால் இது வெகுவாகக் குறையும், ஐந்தும் ஒரே உயரத்திலும் இருக்கும். 1.6 மிமீ வரை தேயலாம் என்று பல நாட்டுச் சட்டம் சொன்னாலும், 4 மிமீக்குக் கீழே வந்த டயரைச் சேற்றில் நம்பி இறக்காதீர்கள்.

முதல் சில பயணங்களில் ஒவ்வொரு தரைக்கும் எந்தக் காற்றில் வண்டி நன்றாக ஓடியது என்று எழுதி வந்தால், உங்கள் டயருக்கான எண்கள் உங்களுக்கே கிடைத்துவிடும். என்னுடையதை சன் வைசரின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்: தார் 26, சல்லி 20, பாறை 17, மணல் 14.